லேப்டாப்பைத் திறக்குமுன் பழைய இரும்புக் கடைக்குப் போங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம், ஈசியூ எனப்படும் காரின் என்ஜின் கம்ப்யூட்டரில் உள்ள எண்களை மாற்றி எழுதும் ‘ரீமேப்’ என்ற பேச்சு டாக்சி ஸ்டாண்டு வரை வந்துவிட்டது. பிக்கப் கூடும், மைலேஜும் ஏறும் என்று கடைக்காரர்கள் சொல்ல, கடைக்குக் கொடுக்கும் காசில் லேப்டாப்பையும் ஈசியூவையும் இணைக்கும் கேபிளையே வாங்கிவிடலாமே என்று பாலிடெக்னிக் முடித்த பிள்ளைகள் தாங்களே இறங்குகிறார்கள். இறங்கட்டும், சோறு போடும் தொழில்தான். ஆனால் எடுத்த எடுப்பிலேயே சொந்தக் காரில் எழுதப் போகிறார்கள். ஈசியூவைப் படிப்பதும், எழுதியது கெட்டால் மீட்பதும் கைக்கு வந்த பிறகுதான் ஓடும் வண்டியைத் தொட வேண்டும்.

‘சிப் மாற்றுவது’ பழைய காலத்துப் பேச்சு. அன்றைய ஈசியூக்களில் 27சி512 போன்ற 28 கால் ஈப்ராம் (அழித்து எழுதக்கூடிய நினைவகச் சிப்) இருக்கும். அதன் கண்ணாடி ஜன்னலில் புற ஊதா விளக்கை 20 நிமிடம் காட்டி அழித்து, 64 கேபியை மறுபடி எழுதி சாக்கெட்டில் செருகுவார்கள். இப்போது நினைவகம் பிராசஸருக்குள்ளேயே போய்விட்டது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் ஓபிடி சாக்கெட் (ஸ்கேனர் மாட்டும் இடம்) வழியாகவோ, ஈசியூவைக் கழற்றி மேசையில் வைத்தோதான் வேலை.

பழகுவதற்கு மேசையே போதும். விபத்து வண்டி உடைக்கும் இடத்திலோ பழைய இரும்புக் கடையிலோ ஒரு பிஎஸ்4 (பாரத் ஸ்டேஜ் 4 புகை விதிக்கால) டீசல் ஈசியூ வாங்குங்கள். கனெக்டரையும் ஒரு முழம் வயரோடு வெட்டித் தரச் சொல்லுங்கள். அதைத் தனியாகத் தேடி அலைய முடியாது. 12 வோல்ட், 5 ஆம்பியர் சப்ளை ஒன்று, லைனில் 3 ஆம்பியர் ஃபியூஸ். பின் படத்தைப் பார்த்து நிரந்தர 12 வோல்ட், இக்னிஷன் 12 வோல்ட், எர்த், கேன் ஹை, கேன் லோ (ஈசியூ வெளியே பேசும் இரண்டு வயர்கள்) ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். சில ஈசியூக்களுக்கு மெயின் ரிலே வழியாக வரும் 12 வோல்ட்டும் சேர்ந்தால்தான் உயிர் வரும். சப்ளையை அணைத்துவிட்டு இரண்டு கேன் வயர்களுக்கு நடுவே மீட்டர் வையுங்கள். 120 ஓம் காட்டினால் இன்னொரு 120 ஓம் ரெசிஸ்டரைக் குறுக்கே போட்டு 60 ஆக்குங்கள். ‘ஈசியூ பேச மாட்டேன் என்கிறது’ என்ற புகாரில் பல இந்த ரெசிஸ்டரோடு தீர்ந்துவிடும்.

படித்து எடுத்த ஃபைலை உடனே இரண்டு இடத்தில் சேமித்து, சாஃப்ட்வேர் எண்ணைப் பெயராக வையுங்கள். இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. மலிவு நகல் கருவிகள் சில நேரம் உங்கள் ஈசியூவைப் படிப்பதே இல்லை. அடையாள எண்ணை மட்டும் பார்த்து, எங்கிருந்தோ ஒரு ஃபைலைக் கொண்டுவந்து ‘ஒரிஜினல்’ என்று நீட்டும். முன்பே யாராவது கைவைத்த வண்டி என்றால், வண்டிக்குள் இருப்பது ஒன்று, உங்கள் கையில் இருப்பது வேறொன்று.

ஃபைலைத் திறந்தால் எண் காடுதான். அதில் ஒரு கட்டத்தைப் பார்ப்போம். டீசல் அளவு மேப்பில் (எந்த நிலையில் எவ்வளவு என்று சொல்லும் எண் அட்டவணைதான் மேப்) ‘பி8 0பி’ என்று ஹெக்ஸில், அதாவது 16-அடிமான எண்ணில், இருக்கிறது. பைட் வரிசை திருப்பிப் போட்ட ஈசியூ என்றால் இதை 0பிபி8 என்று படிக்க வேண்டும், நம் சாதாரண எண்ணில் அது 3000. பெருக்கு எண் 0.01 என்றால் ஒரு ஸ்ட்ரோக்குக்கு 30 மில்லிகிராம் டீசல். வரிசையைத் தப்பாகப் படித்தால் இதே கட்டம் 471 மில்லிகிராம் என்று சிரிக்கும். 5 சதவீதம் கூட்டினால் 3150, எழுதும்போது ‘4ஈ 0சி’. டியூனர்ப்ரோ, வின்ஓஎல்எஸ் மாதிரி மென்பொருள்கள் இதைத் தாமே செய்யும். ஆனாலும் முதல் பத்துக் கட்டங்களையாவது கையால் போட்டுப் பாருங்கள்; மேப் எது, சும்மா கிடக்கும் எண் எது என்று கண் பழகும். மாற்றி முடித்ததும் செக்சம் (ஃபைல் சரியாக இருக்கிறதா என்று ஈசியூ பார்க்கும் சரிபார்ப்பு எண்) சரிசெய்யாவிட்டால் பல வண்டிகள் ஸ்டார்ட் ஆகாது.

எவ்வளவு கூட்டலாம் என்பதற்குக் காற்றுதான் கணக்கு. ஸ்விஃப்ட், விஸ்டா, புன்டோ என்று பல வண்டிகளில் வந்த 1248 சிசி டீசல் என்ஜினையே எடுத்துக்கொள்வோம் (ஸ்விஃப்டில் 75 குதிரைத்திறன், 190 நியூட்டன் மீட்டர்). ஒரு சிலிண்டர் 312 சிசி. டர்போ அழுத்தம் 1.2 பார், உள்ளே போகும் காற்று 50 டிகிரி என்றால், ஒரு ஸ்ட்ரோக்குக்குச் சுமார் 650 மில்லிகிராம் காற்று. புகை வராமல் இருக்க ஒரு பங்கு டீசலுக்கு 18 பங்கு காற்றாவது வேண்டும். வகுத்தால் 36 மில்லிகிராம். கம்பெனி கொடுத்திருப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். இதை 45 ஆக்கினால் விகிதம் 14.4-க்கு இறங்கும், கரும்புகை, சூடு, கடைசியில் டர்போவும் கிளட்ச்சும் போகும். சித்திரை வெயிலில் இன்டர்கூலர் திணறி அதே காற்று 65 டிகிரியில் போனால் 650 என்பது 620 ஆகிவிடும். மார்கழிக் காலையில் சுத்தமாக ஓடிய வண்டி திருமயம் ரோட்டில் புகைவிடுவது இதனால்தான். காற்றுக்கு ஏற்ப டீசலுக்கு உச்சவரம்பு வைக்கும் ஸ்மோக் லிமிட்டர் மேப்பைத் தொடாமல் விட்டால், ஏர்ஃப்ளோ சென்சார் சொல்வதைப் பார்த்து ஈசியூவே டீசலைக் குறைத்துக்கொள்ளும். பலர் முதலில் உச்சத்துக்கு ஏற்றுவது அந்த மேப்பைத்தான்!

டர்போ இல்லாத பெட்ரோல் காரில் கிடைப்பது சொற்பம், பாடுபடுவது வீண். ‘இ20-க்கு (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு) டியூன் செய்து தருகிறோம்’ என்பவர்களிடம் போகுமுன் ஸ்கேனரில் லாங் டெர்ம் ஃப்யூயல் டிரிம்மைப் (ஈசியூ தானாகப் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) பாருங்கள். இ10-லிருந்து இ20-க்குப் போனால் 4, 5 சதவீதம் கூடுவது இயல்பு; ஆக்சிஜன் சென்சார் அதைச் சமாளித்துக்கொள்ளும். 10-ஐத் தாண்டினால் மேப்பில் கைவைக்காமல் வேக்கம் லீக், ஃப்யூயல் பிரஷர், இன்ஜெக்டர் என்று தேடுங்கள்.

காரில் எழுதும் நாளில் எமன் பேட்டரிதான். வோல்டேஜ் 13-க்கும் 13.5-க்கும் நடுவே ஆடாமல் நிற்க, 30 ஆம்பியராவது தரும் ஸ்டெபிலைஸ்டு சப்ளை வேண்டும். சாதாரண சார்ஜர் உதவாது, அதன் வோல்டேஜ் அலையும். ஏசி, ஹெட்லைட், புளோயர் எல்லாம் ஆஃப். லேப்டாப்பில் ஸ்லீப்பும் அப்டேட்டும் ஆஃப். எழுதும்போது ரேடியேட்டர் ஃபேன் தானாக முழு வேகத்தில் சுற்ற ஆரம்பிக்கலாம். ஈசியூ வேலையில் இல்லாததால் வரும் சத்தம் அது. பதறிப்போய் சாவியைத் திருப்பினால் ஈசியூ உயிரில்லாத செங்கல் ஆகிவிடலாம். நடுவில் நின்றுவிட்டால் எதையும் பிடுங்காமல் அதே ஃபைலை மறுபடி எழுதிப் பாருங்கள். அதுவும் ஆகவில்லை என்றால் கழற்றி மேசையில் வைத்து பூட் மோடில் (உள்ளே எழுதிய புரோகிராமை ஓட்டாமல் சிப்போடு நேரடியாகப் பேசும் முறை) மீட்க வேண்டும். இரும்புக் கடை ஈசியூவில் இதை நாலைந்து முறை வேண்டுமென்றே கெடுத்து மீட்டுப் பழகியவருக்குக் கை நடுங்காது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 182ஏ பிரிவின்படி உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். பிஎஸ்6 டீசலில் டிபிஎஃப்பை (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) நீக்கித் தருகிறோம் என்கிறார்கள். அந்த வண்டிக்குப் புகைச் சோதனை வரம்பு (புகையின் கருமை அளவு, மீட்டருக்கு) 0.7, பிஎஸ்4-க்கான 1.62-இல் பாதிகூட இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் செய்த மாற்றம் கிளெய்ம் நேரத்தில் தலைவலியாக வரும்.

கடையில் ரீமேப் போட்டுக்கொண்டவர்கள் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: ஒரிஜினல் ஃபைல் பென் டிரைவில், சாஃப்ட்வேர் எண் பில்லில். இங்கே பல கடைகள் இரண்டையும் தருவதில்லை. பிறகு வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அதே கடைக்காரரின் வாசலில்தான் நிற்க வேண்டியிருக்கிறது.

காரைக்குடி அழகப்ப செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கலும் எலக்ட்ரானிக்ஸும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. ஒரு மேசை, ஐந்து சப்ளை, பத்துப் பழைய ஈசியூ வைத்து சனிக்கிழமைதோறும் பட்டறைப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்த நிர்வாகம் முன்வர வேண்டும். ஈசியூக்களைத் திரட்டித் தர இவ்வூர்ப் பட்டறைகள் தயார்.

இப்படிக்கு,
ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் சிலர்,
காரைக்குடி.