அந்த 28 நாள்: சைட் இன்ஜினியர்களுக்கு ஒரு திறந்த மடல்

சைட்டில் நிற்கும் பொறியாளர் நண்பர்களுக்கு,

வணக்கம். நான் கட்டுமான வழக்குகளை மட்டுமே பார்க்கிற வழக்கறிஞர். நீங்கள் என்னைச் சந்திக்கும்போது பெரும்பாலும் கட்டடத்தில் ஆட்கள் குடியேறியிருப்பார்கள், நீங்களும் வேறு கம்பெனிக்கு மாறியிருப்பீர்கள். சாட்சி சொல்லக் கூப்பிட்டுவிட்டார்களே என்ற எரிச்சலோடு வருவீர்கள். அந்த மாதம் வேலை ஏன் நின்றது என்று கேட்பேன். "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு சார்" என்பீர்கள். இத்தனை வருடத் தொழிலில் என் வயிற்றைக் கலக்கும் வாக்கியம் அதுதான்.

வாதாடுவதுதான் எங்கள் வேலை என்று வெளியில் நினைக்கிறார்கள். வாதாடும் நாட்கள் வருடத்தில் கொஞ்சம்தான். மீதி நாளெல்லாம் நீங்கள் எழுதிய தாள்களைப் படிக்கிறேன். தினசரி அறிக்கை, ஆள் கணக்கு, கான்கிரீட் பதிவு, டிராயிங் ரிவிஷன், கூட்டக் குறிப்பு, நள்ளிரவில் கோபத்தோடு அனுப்பிய மின்னஞ்சல். ஜூனியராகச் சேர்ந்த முதல் வாரம் என் சீனியர் சட்டப் புத்தகம் எதையும் கையில் கொடுக்கவில்லை. ஒரு பார் சார்ட்டையும் (எந்த வேலை எப்போது என்று கோடுகளால் காட்டும் அட்டவணை) ஒன்பது பெட்டி அறிக்கைகளையும் கொடுத்து, பைல் வேலை, அதாவது நிலத்துக்குள் அடித்தளத் தூண் இறக்கும் வேலை, எந்தத் தேதியில் நின்றது என்று கண்டுபிடி என்றார். மூன்று வாரம் ஆனது. ஒரு நாள் டைரியில் "முழு நாள் மழை, வேலை இல்லை" என்று இருந்தது. அதே தேதிக்குக் கான்கிரீட் பதிவேட்டில் 40 கன மீட்டர். இரண்டும் ஒரே கையெழுத்து. எதிர்த்தரப்பு இந்த இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் மற்றப் பெட்டிகளில் இருப்பதை யார் நம்புவார்கள்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உலகம் முழுக்கப் பெரிய வேலைகளில் புழங்குவது ஃபிடிக் (FIDIC) என்ற பன்னாட்டு ஆலோசனைப் பொறியாளர் கூட்டமைப்பின் ஒப்பந்தப் படிவங்கள். சிவப்புப் புத்தகம் என்று அழைக்கப்படும் அதன் கட்டுமான ஒப்பந்தப் படிவத்தின் 1999-ஆம் ஆண்டுப் பதிப்பில் 20.1 என்று ஒரு பிரிவு. கால நீட்டிப்போ கூடுதல் பணமோ வேண்டுமென்றால், அதற்குக் காரணமான நிகழ்வு கான்ட்ராக்டருக்குத் தெரிந்த நாளிலிருந்து 28 நாட்களுக்குள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்தே கணக்கு ஓடும் என்பதையும் கவனியுங்கள். கொடுக்கவில்லையென்றால் நாளும் கிடையாது, பணமும் கிடையாது. 2017-ஆம் ஆண்டுப் பதிப்பு இதே கட்டுப்பாட்டை வேலை கொடுப்பவருக்கும் சேர்த்துப் போட்டுவிட்டது. உங்கள் ஒப்பந்தத்தில் எண் வேறாக இருக்கலாம். 14 இருக்கலாம், 7 இருக்கலாம். ஆனால் ஏதோ ஓர் எண் எங்கோ ஓர் அடுக்குக்குள் இருக்கும்.

நான் இரண்டு பக்கமும் வேலை பார்த்தவன். ஒரு வழக்கில் வேலை கொடுத்தவருக்காக நின்றேன். இடத்தை ஒப்படைத்ததே நான்கு மாதம் தாமதம். எல்லோருக்கும் தெரியும், எங்கள் கட்சிக்காரரே ஒப்புக்கொண்டது. ஆனால் கான்ட்ராக்டர் நோட்டீஸ் கொடுக்கவில்லை. கேட்டபோதெல்லாம் எங்கள் தரப்பில் போனில் "பார்த்துக்கலாம்" என்று சொல்லியிருக்கிறார்கள், கான்ட்ராக்டரும் நம்பியிருக்கிறார். நான் அந்த ஒரே பிரிவைப் பிடித்துக்கொண்டேன். ஜெயித்தோம். அப்புறம் வராந்தாவில் எதிர்த்தரப்புச் சைட் இன்ஜினியர் என்னிடம் வந்து ஒரு சின்ன நோட்டைக் காட்டினார். நாள்தோறும் எழுதியிருந்தார். எந்த கேட் பூட்டியிருந்தது, எத்தனை ஆள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள் என்பது வரை. "இதை யாருக்கு சார் அனுப்பணும்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

நோட்டீஸ் கொடுத்தால் உறவு கெட்டுவிடும் என்று நீங்கள் பயப்படுவது எனக்குத் தெரியும். அந்த பயத்துக்கு நாங்களும் காரணம். நோட்டீஸ் என்றாலே சண்டை என்று ஆக்கியது வழக்கறிஞர்கள்தான். ஒரே வாக்கியத்தைப் பதினான்கு வரிக்கு இழுத்து, அதைத் தடித்த ஒப்பந்தத்தின் கடைசிப் பகுதியில் போட்டு, அதையும் தலைமை அலுவலக அலமாரியில் பூட்டிவைக்கிறோம். உங்கள் கையில் அதன் நகல் இல்லையென்றால் நாளைக்கே கேட்டு வாங்குங்கள். தரமாட்டேன் என்றால் நீங்கள் கேட்டதையும் எழுதி வையுங்கள்.

சரி, நோட்டீஸ் இருக்கிறது, ஆதாரம்? ஃபாக்லாந்து தீவுகளில் 2003-இல் ஒரு வழக்கு தீர்ப்பானது. கான்ட்ராக்டரிடம் அந்தந்த நேரத்துப் பதிவுகள் போதவில்லை. சாட்சிகளின் வாக்குமூலத்தை வைத்து அந்தக் குறையை நிரப்பப் பார்த்தார். அந்தந்த நேரத்தில், அல்லது அதையொட்டி, உருவான தாள்தான் பதிவு, பிறகு சொல்லும் கதை அதற்கு ஈடாகாது என்றது நீதிமன்றம். உங்கள் ஞாபகம் நல்லா இருப்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதை வைத்து நான் ஒன்றும் செய்ய முடியாது.

எழுதும்போது தேதி, இடம், கிரிட் எண் (வரைபடத்தில் அந்த இடத்தைக் குறிக்கும் கோட்டு எண்), எத்தனை ஆள், எந்த இயந்திரம் நின்றது, டிராயிங்கின் எந்த ரிவிஷன். இவ்வளவு போதும். கன்சல்டன்ட் ஒரு உதவாக்கரை என்று எழுதாதீர்கள். அந்த வரியை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஏற்ற இறக்கத்தோடு சத்தமாக வாசிப்பார், நானும் அதைச் செய்திருக்கிறேன். விரிசலைப் படம் எடுத்தால் எந்தத் தூண் என்று தெரிகிற மாதிரி இரண்டடி பின்னால் நின்று இன்னொரு படமும் எடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த உத்தரவை அன்று மாலையே மின்னஞ்சலாக்கிவிடுங்கள், போன் மாறினால் எல்லாம் போச்சு. ஆறு மாதத்து டைரியை ஒரே இரவில் ஒரே பேனாவால் எழுதாதீர்கள். அது தெரிந்துவிடும், உண்மையிலேயே தெரிந்துவிடும்.

நோட்டீஸுக்கு என் மொழி வேண்டாம். ஜிப்ரால்டர் விமான நிலையச் சுரங்கப்பாதை வழக்கில் 2014-இல் இங்கிலாந்து நீதிபதி, 20.1-க்கு இன்ன வடிவம்தான் என்றில்லை என்றார். எழுத்தில் இருக்க வேண்டும், கோரிக்கை என்று புரிய வேண்டும், அவ்வளவே. இந்த அளவு போதும்:

"ஒப்பந்தத்தின் இன்ன பிரிவின்கீழ் இது அறிவிப்பு. சி பிளாக் அடித்தளத்துக்கான திருத்திய டிராயிங் இம்மாதம் 3-ஆம் தேதி வந்திருக்க வேண்டும், இன்றுவரை வரவில்லை. அதனால் கம்பி கட்டும் வேலை நின்றிருக்கிறது. கால நீட்டிப்பும் கூடுதல் செலவும் கோருகிறோம். விவரம் பின்னர்."

அந்தச் சின்ன நோட்டு வைத்திருந்தவருக்கும் சேர்த்து,
அன்புடன்,
ஒரு கட்டுமான வழக்கறிஞர்