பெரிய எழுத்துப் பிரதி தொடர்பான புகார்

முகாமைப் பணிப்பாளர் அவர்கட்கு,

மதிப்புக்குரிய ஐயா,

தங்கள் அச்சு நிறுவனத்தின் யாழ்ப்பாணக் கிளையில் முழுப்பணமும் செலுத்திப் பெற்ற, பார்வை குறைந்தவருக்கான பெரிய எழுத்துப் புராணப் பிரதி ஒரு பக்கமேனும் பயன்படாத நிலையில் உள்ளதையும், அதைத் திருத்தித் தருமாறு கேட்டுச் சென்ற இடத்தில் எனது தந்தையார் அவமதிக்கப்பட்டதையும் அறியத்தருகின்றேன். கிளை தலைமை அலுவலகத்தைக் கேட்கச் சொல்லியும், தலைமை அலுவலகம் கிளையைக் கேட்கச் சொல்லியும் மாறிமாறி அனுப்பியதில் களைத்துப்போன பின்னரே இதை எழுத்தில் தருகின்றேன்.

எனது தந்தையார் நெடுந்தீவில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். எங்கள் கோயிலில் புராணபடனம், அதாவது புராணத்தைச் சபையில் வாசித்தல், நடக்கும் நாட்களில் பயன் (செய்யுளின் பொருள்) சொல்பவர். விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துவிட்டதால் அவருக்கு ஓரப்பார்வை இருந்தும் நேரே பார்க்குமிடம் மங்கலாகவே தெரிகின்றது. எழுத்து, அச்செழுத்தை அளக்கும் புள்ளிக் கணக்கில், 22 புள்ளிக்குக் குறையாமல், நல்ல கறுப்பில், மினுக்கமில்லாத தாளில் இருந்தால் அவரால் இன்றும் வாசிக்க முடியும். இதை வீட்டில் சோதித்துப் பார்த்துத்தான் கட்டளைச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். தாங்கள் தந்ததோ விளக்கு வெளிச்சம் பட்டால் பளபளக்கும் தாள்.

கொடுத்த பிடிஎப் கோப்பில் எழுத்து 11 புள்ளி. கிளையினர் முதலில் ஏ4 பக்கத்தை அப்படியே, பரப்பில் அதன் இரு மடங்கான ஏ3 தாளின் அளவுக்குப் பெருக்கி அச்சிட்டார்கள். அவ்வாறு செய்தால் நீளமும் அகலமும் 141 வீதமாக மட்டுமே பெருகும் என்பது அச்சுத் தொழிலில் இருக்கும் தங்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. எழுத்து 15 புள்ளி சொச்சத்துக்கு வந்ததே தவிர 22 ஆகவில்லை. வெற்று ஓரங்களும் கூடவே பெருத்தன. திருத்தச் சொன்னபோது 200 வீதம் என்று கொடுத்து அதே ஏ3 தாளிலேயே அச்சிட்டதில், வலப்புறம் வெட்டுப்பட்டு ஒவ்வோர் அடியின் இறுதிச் சீர்களும் இல்லாமற் போயின; பக்கத்தின் கீழ்ப்பகுதியையே காணவில்லை. இறுதிச் சீர் இல்லாத விருத்தத்தை வைத்துக்கொண்டு ஒருவர் சபையில் எவ்வாறு பயன் சொல்வது? ஏ4 பக்கத்தை மேற்பாதி, கீழ்ப்பாதி எனப் பிரித்து, ஒவ்வொரு பாதியையும் ஏ3 தாளில் கிடையாக அச்சிட்டால் எதுவும் வெட்டுப்படாமல் சரியாக இரு மடங்கு கிடைக்கும் என்று நானே சீட்டின் பின்புறத்தில் வரைந்து காட்டியிருந்தேன். அதை எவரும் பார்க்கவில்லை. பிறகு ஒருவர் பிடிஎப்பிலிருந்து எழுத்துக்களைப் பிரதி எடுத்து வேறு கோப்பில் ஒட்டிப் பெரிதாக்கினார். கொம்புகள் தமக்குரிய எழுத்தை விட்டு விலகி நின்றன. அந்தப் பக்கங்களைத் தமிழ் வாசிக்கத் தெரிந்த எவரும் சரிபார்க்காமலே கட்டித் தந்திருக்கின்றார்கள்.

இவை எல்லாவற்றையும் பொறுத்திருப்பேன். வாசிப்பவர் நேரில் வந்தால்தான் எழுத்தின் அளவைத் தீர்மானிக்கலாம் என்று கிளையிலிருந்து சொன்னார்கள். அதை நம்பி, தடியூன்றி நடக்கும் முதியவரைக் காலைப் படகில் ஏற்றிக் குறிகட்டுவானில் இறக்கி, அங்கிருந்து பஸ்ஸில் யாழ்ப்பாணம் கூட்டிவந்தேன். வந்து பார்த்தால், அளவு பார்க்கும் அலுவலர் அன்று விடுமுறை. வரச்சொல்லி நாள் குறித்தவர்களும் அவர்களே. மாலைப் படகைத் தவறவிட்டால் திரும்ப வழியில்லை என்று விளக்கி, வேறு எவராவது பார்க்க முடியுமா என்று பணிவாகவே கேட்டேன். முன்மேசையில் இருந்த ஊழியர், கைத்தொலைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், “ஐயாவுக்கு ஒரு லென்ஸ் வாங்கிக் குடுங்கோ. இந்த வயசில இனி வாசிச்சு என்ன செய்யப்போறார்?” என்றார். என் தந்தையார் பக்கத்தில் நின்றார். அவருக்குக் குறைந்தது பார்வையே தவிரச் செவி அல்ல. திரும்பும் வழி முழுவதும் அவர் ஒரு சொல்லும் பேசவில்லை.

லென்ஸ் வீட்டில் இருக்கின்றது. அதில் ஒரே நேரத்தில் நாலைந்து எழுத்துக்களுக்கு மேல் தெரிவதில்லை. கை சற்று நடுங்கினால் அடி மாறிவிடும். செய்யுளை முழுவதாகக் கண்ணில் வாங்கியே பொருள் சொல்ல முடியும் என்பதால்தான் தங்களைத் தேடி வந்தோம். தங்கள் விளம்பரத்தில் பார்வை குறைந்தோருக்கென்றே இச்சேவை இருப்பதாகப் போட்டிருக்கின்றீர்கள். அதை நாங்களாகக் கற்பனை செய்யவில்லை.

தங்கள் கவனயீனத்தால் இவ்வாண்டுப் புராணபடனத்தில் அவர் வாய் திறக்கவில்லை. ஊருக்கே அது பேரிழப்பு. அவரது வாழ்நாள் வாசிப்பையே தங்கள் கிளை பறித்துவிட்டது என்றுதான் நான் சொல்வேன்.

தங்கள் நிறுவனத்தில் நல்லவர்களும் இருக்கின்றார்கள் என்பதை மறுக்கவில்லை. இரவுநேரத் தொலைபேசியில் பேசிய பெண் அலுவலர் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அவர் குறித்தது எங்கே போயிற்று என்று தயவுசெய்து தேடிப் பாருங்கள். ஆயினும் இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறைப்பாடு செய்வேன். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க இந்நாட்டில் 1996 ஆம் ஆண்டிலேயே 28 ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டிருக்கின்றது என்பதையும் தங்கள் சட்டப் பிரிவு அறிந்திருக்கும்.

நான் கேட்பவை அதிகமல்ல. செலுத்திய பணத்தையும் அந்தப் பயணச் செலவையும் திருப்பித் தாருங்கள். அல்லது நான் வரைந்து தந்தபடி, மினுக்கமில்லாத தாளில், ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டு, தமிழ் தெரிந்தவரைக் கொண்டு ஒவ்வொரு பக்கமும் சரிபார்த்து, தங்கள் செலவிலேயே நெடுந்தீவுக்கு அனுப்பிவையுங்கள். இன்னொரு முறை அவரைப் படகில் ஏற்ற மாட்டேன். எவ்வாறாயினும், முன்மேசை ஊழியரின் சொற்களுக்கான மன்னிப்புக் கடிதம் எனக்கு வேண்டியதில்லை. அது என் தந்தையார் பெயருக்கு, அவரே வாசிக்கக்கூடியதாக, 22 புள்ளி எழுத்தில் வரவேண்டும்.

பற்றுச்சீட்டின் பிரதியையும், வெட்டுப்பட்ட பக்கங்களில் சிலவற்றையும் இத்துடன் இணைத்துள்ளேன்.

இங்ஙனம்,
தங்கள் வாடிக்கையாளர்,
நெடுந்தீவு.