பிள்ளையின் பையில் ஒரு மஞ்சள் அட்டை

அன்புள்ள பெற்றோருக்கும் வீட்டிலுள்ள தாத்தா பாட்டிகளுக்கும் வணக்கம்.

காலாண்டு விடுமுறை முடிந்து பிள்ளைகள் திரும்பிவிட்டார்கள். இரண்டாம் பருவப் பாடப்புத்தகங்களும் கொடுத்தாயிற்று. இந்த வாரம் உங்கள் பிள்ளையின் பையில் அந்தப் புத்தகங்களோடு ஒரு மஞ்சள் அட்டையும் இருக்கும். உள்ளங்கை அளவு அட்டைதான். அதில் பிள்ளை தன் கையாலேயே இரண்டு மூன்று வரி எழுதியிருக்கும். அது என்ன, அதில் வீட்டாருக்கு என்ன வேலை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், சாவகாசமாகப் படியுங்கள். கண் சரியாகத் தெரியாதவர்களும் எழுத்துப் பழக்கம் விட்டுப்போனவர்களும் பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அட்டையின் தலைப்பு ‘என் வாசிப்பு இலக்கு’. அரையாண்டுத் தேர்வு வருவதற்குள் என்ன வாசிக்க ஆசை என்று ஒவ்வொரு பிள்ளையும் எழுதியிருக்கிறது. ஆசிரியர்கள் யாரும் சொல்லிக்கொடுத்து எழுத வைக்கவில்லை. ‘எதுவாக இருந்தாலும் சரி, உனக்குப் பிடித்ததாக இருக்க வேண்டும்’ என்று மட்டும் சொன்னோம்.

ஏழாம் வகுப்பில் ஒரு பிள்ளை, ‘மாட்டைப் பத்தி இருக்குற எல்லாப் புத்தகமும்’ என்று எழுதியிருந்தாள். ஏம்மா மாடு என்று கேட்டேன். வீட்டில் செவலைப் பசு சினையாக இருக்கிறதாம். தை மாதம் கன்று போடுமாம். அதற்குள் எல்லாம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டுமாம். எங்கள் பீரோவைத் துழாவியதில் இரண்டே புத்தகம் கிடைத்தன. ஒன்று சின்னப் பிள்ளைகளுக்கான படக்கதை, இன்னொன்று பெரியவர்களுக்கான கறவை மாடு வளர்ப்புக் கையேடு. அவள் கையேட்டைத்தான் எடுத்துக்கொண்டாள். மறுநாள் காலை வழிபாட்டுக்கு மணி அடிக்கும் முன்பே என் அறை வாசலில் வந்து நின்றாள். மடிநோய் என்ற பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட்டைச் செருகி, புரியாத சொல்லுக்கெல்லாம் பென்சிலால் மெல்லக் கோடு போட்டு வைத்திருந்தாள். ஏழு சொற்கள். ஐந்துக்கு நான் பொருள் சொன்னேன். மீதி இரண்டைக் கால்நடை மருந்தகத்தில் அவளே கேட்டுக்கொண்டு வந்து, எனக்கும் சொன்னாள். தமிழ்ப் பாடத்தில் இதுவரை அவள் சுமாராகத்தான் மதிப்பெண் வாங்கி வந்திருக்கிறாள். அவளுக்கு வாசிப்பு வராது என்று நாங்கள் நினைத்திருந்தோம். அவளுக்கு வேண்டிய புத்தகம் அதுவரை அவள் கைக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன் ‘50 புத்தகம்’ என்று எழுதினான். முதல் வாரத்திலேயே 11 முடித்துவிட்டதாகச் சொன்னான். நான்காவது புத்தகத்தில் என்ன வந்தது என்று வகுப்பாசிரியர் சாதாரணமாகத்தான் கேட்டார். பையன் தலையைக் குனிந்துகொண்டான். பக்கத்தைப் புரட்டிப் புரட்டி எண்ணிக்கையை மட்டும் ஏற்றியிருக்கிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போன வருடம் ‘அதிகப் புத்தகம் வாசித்தவருக்குப் பரிசு’ என்று அறிவித்தது நாங்கள்தான். பிள்ளை அதைப் பார்த்துத்தான் இப்படிச் செய்தான். அது எங்கள் தவறு. இந்த வருடம் எண்ணிக்கைக்குப் பரிசு கிடையாது. அவன் வேறு அட்டை வாங்கி, கடல் பயணம் பற்றிய தடிமனான புத்தகம் ஒன்றின் பெயரை எழுதிக்கொண்டான். ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் என்று அவனே கணக்குப் போட்டிருக்கிறான். நேற்று மதிய உணவு மணி அடித்தும் எழுந்து வராமல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். ‘கப்பல் கவுந்துருச்சு டீச்சர், ஒரு பக்கம் முடிச்சிட்டு வர்றேன்’ என்றான்.

எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பான். அந்தக் கூச்சத்தில் வகுப்பில் புத்தகத்தைத் தொடவே மாட்டான். பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் வழியாக நம் பள்ளிக்குச் சிறு சிறு நூல்கள் வந்திருக்கின்றன. ‘நுழை’, ‘நட’, ‘ஓடு’, ‘பற’ என்று நான்கு படி. முதல் படியில் ஒரு பக்கத்துக்கு ஓரிரு வரிதான் இருக்கும். அவன் தன் அட்டையில், ‘ஒண்ணாங் கிளாஸ் படிக்கிற என் தங்கச்சிக்கு தினம் ஒரு கதை வாசிச்சுக் காட்டுறது’ என்று எழுதினான். இப்போது ‘நுழை’ நூல்களை எல்லார் முன்னாலும் தைரியமாக எடுத்துப் போகிறான். தங்கைக்காக எடுக்கிறான், அதில் கூச்சப்பட என்ன இருக்கிறது? முந்தின நாள் இரவே தனியாக இரண்டு முறை வாசித்துப் பார்த்துக்கொண்டு, அப்புறம்தான் தங்கையைக் கூப்பிடுகிறானாம். பல வருடமாக நாங்கள் தேடித் திணறிய ஒரு வழியை அவனே கண்டுபிடித்துக்கொண்டான்.

இந்த மூன்று பிள்ளைகளையும் பார்த்த பிறகுதான் உங்களிடம் உறுதியாகக் கேட்கிறேன். அட்டையில் இருப்பது பிள்ளையின் இலக்கு, அதை மாற்றாதீர்கள். ‘மாட்டுப் புத்தகம் எதுக்கு, இங்கிலீஷ் புத்தகம் எடு’, ‘இவ்வளவு பெரிய பிள்ளை படக்கதை படிக்குமா?’, ‘அந்த வீட்டுப் பிள்ளை பத்து எழுதியிருக்கு, நீ ஏன் ரெண்டு?’ என்றெல்லாம் நம் வாயில் வந்துவிடும். அக்கறையில் வருவதுதான். ஆனால் அந்த ஒரு வார்த்தையோடு அட்டை பிள்ளையுடையதாக இல்லாமல் போய்விடும், வீட்டுப்பாடமாகிவிடும்.

எங்கள் பக்கத்து மாற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் பள்ளி நூல்கள் வெகுகாலம் பீரோவில் பூட்டியே இருந்தன. இருப்புப் பதிவேட்டில் உள்ள புத்தகம் ஒன்று குறைந்தால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டுமே என்ற பயம். ஆண்டாய்வின்போது தூசி தட்டி அடுக்கிக் காட்டுவோம், திரும்பப் பூட்டுவோம். எத்தனையோ பிள்ளைகள் எட்டு வருடம் இங்கே படித்துவிட்டு, அந்தப் பீரோவுக்குள் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் போயிருக்கிறார்கள். அதை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுத்துவிட்டு 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனவர். 1931இல் அவர் எழுதிய ஐந்து நூலக விதிகளை இன்றும் நூலகவியல் மாணவர்கள் படிக்கிறார்கள். முதல் விதியே ‘நூல்கள் பயன்பாட்டுக்கே’ என்பதுதான். பூட்டி வைப்பதற்கல்ல என்று அர்த்தம். அடுத்தது ‘ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல்’. மூன்றாவது ‘ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர்’. கறவை மாட்டுக் கையேடு பல வருடமாக அந்த ஏழாம் வகுப்புப் பிள்ளைக்காகத்தான் பீரோவில் காத்துக் கிடந்திருக்கிறது.

நமக்குப் பக்கத்திலேயே மன்னார்குடியில் அதே 1931இல் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். வண்டி நூலகம் என்றால் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் தொடங்கிய அந்தப் பயணத்தை இன்றும் சொல்வார்கள். அந்தக் காலத்தில் நம் பக்கத்துக் கிராமச் சாலைகள் எப்படி இருந்திருக்கும் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். வயல் வரப்பு வரை புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்த மண்ணில் இருந்துகொண்டு, ஒரு பீரோவைத் திறக்க நாங்கள் தயங்கியிருக்கக் கூடாது.

இப்போது பீரோ சாவி ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இருக்கிறது. கொடுத்து வாங்கும் நோட்டையும் அவர்களே எழுதுகிறார்கள். புத்தகம் வீட்டுக்கு வரும். கைக்குழந்தை கிழித்தாலும், மழையில் நனைந்தாலும், எலி கடித்தாலும் அபராதம் கிடையாது, திட்டும் கிடையாது. கிழிந்ததை அப்படியே கொடுத்தனுப்புங்கள், நாங்கள் ஒட்டிக்கொள்கிறோம். பயந்துகொண்டு புத்தகத்தைப் பரண் மேல் வைத்துவிட மட்டும் வேண்டாம்.

சரி, நேரம்? போன கூட்டத்தில் ஒரு அம்மா, ‘பாடம் படிக்கவே நேரம் இல்லை, கதைப் புத்தகத்துக்கு எங்கே டீச்சர் போறது?’ என்று கேட்டார். நியாயமான கேள்வி. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை முந்தின நாள் சாயங்காலம் பள்ளி விட்டதிலிருந்து தூங்கும் வரை என்ன செய்தார்கள் என்று எழுதச் சொன்னேன். டியூஷன், கடைக்குப் போனது, தண்ணீர் பிடித்தது, டிவி, செல்போன் எல்லாம் வந்தன. பெரும்பாலானோர் தாளில் பத்து நிமிடம், கால் மணி நேரம் என்று சில துண்டுகள் எழுதாமல் விடுபட்டிருந்தன. அப்போது என்ன செய்தாய் என்றால், ‘சும்மா இருந்தேன்’ என்றார்கள். டியூஷன் அக்கா வருவதற்குக் காத்திருந்த நேரம், அம்மா தோசை வார்க்கும் நேரம், பஸ் வராத நேரம். ஒரு பையன் அப்பாவோடு மோட்டார் கொட்டகைக்குப் போய், த்ரீ பேஸ் கரண்ட் வருவதற்காகத் தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறான். இப்போது அந்தக் கொட்டகையில் சாமந்திப் பூ விதை வாங்கிய பழைய பை ஒன்றில் அவன் புத்தகம் தொங்குகிறது. அப்பாவே ஆணி அடித்து மாட்டிக் கொடுத்தாராம்.

நான் கேட்பது ஒரு நாளைக்குக் கால் மணி நேரம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சிலரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கடிகாரம் பார்த்தேன். கால் மணி நேரத்தில் கதைப் புத்தகம் நான்கு பக்கமாவது நகர்கிறது. அரையாண்டுத் தேர்வுக்கு இன்னும் 60 நாள் என்று வைத்துக்கொண்டால் 240 பக்கம். குழந்தைகளுக்கான நூல்களில் மூன்று நான்கு முடிந்துவிடும். தினமும் ஒரே நேரமாக இருந்தால் நல்லது. சாப்பிட்டு முடித்ததும் என்றால் தினமும் சாப்பிட்டு முடித்ததும். அந்தக் கால் மணி நேரம் வீட்டில் டிவி வேண்டாம். செல்போனைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள், பிள்ளையுடையது மட்டுமல்ல, உங்களுடையதையும் சேர்த்து. பெரியவர்கள் ரீல்ஸ் பார்த்துக்கொண்டு பிள்ளையைப் புத்தகம் பார்க்கச் சொன்னால், எது சுவாரசியமானது என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும்.

‘எங்களுக்கு அவ்வளவா படிக்கத் தெரியாதே’ என்று சிலர் தயங்குகிறீர்கள். உங்களால் செய்ய முடிந்ததை வேறு யாராலும் செய்ய முடியாது. கேளுங்கள். நம் பள்ளி மாணவன் ஒருவனுக்கு ஒரு பாட்டி இருக்கிறார், நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு வந்து, கால் நீட்டி உட்கார்ந்து பேரன் வாசிப்பதைக் கேட்கிறார். அவன் எங்காவது நிறுத்தினால், ‘அப்புறம் என்னடா ஆச்சு?’ என்பாராம். அந்த ஒரு கேள்விக்காக அவன் அடுத்த பக்கத்தையும் வாசித்துவிடுகிறான். கதை முடிந்ததும் அவர் தனக்குத் தெரிந்த வேறு கதை ஒன்றைச் சொல்கிறார். அவன் அதை நோட்டில் எழுதி வருகிறான், இதுவரை ஒன்பது கதை சேர்ந்திருக்கிறது. தயவுசெய்து இதையே பின்பற்றுங்கள். கதை முடிந்ததும் ‘இதிலிருந்து என்ன தெரிஞ்சுகிட்டே?’, ‘நீதி என்ன?’ என்று கேட்க வேண்டாம். அந்தக் கேள்வி கேட்க நாங்கள் இருக்கிறோம், அதையும் இந்த வருடம் குறைத்துக்கொண்டிருக்கிறோம்.

பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் விட்டுவிடலாம் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். பத்துப் பக்கம் வாசித்தும் ஒட்டவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு எடுக்கட்டும். ஒரே புத்தகத்தை ஐந்தாவது முறை வாசித்தால் அதுவும் வாசிப்புதான். இலக்கையும் நடுவில் மாற்றிக்கொள்ளலாம், அட்டை இன்னும் நிறைய இருக்கிறது.

பள்ளிப் பீரோவில் இல்லாத புத்தகங்களுக்கு நம் ஊர்க் கிளை நூலகம் இருக்கிறது. உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், ‘நூலக வரி’ என்று தனியாக ஒரு தொகை இருக்கும். வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 காசு. சென்னை மாகாணத்தில் 1948இல் வந்த பொது நூலகச் சட்டப்படி வசூலிக்கிறார்கள். விடுதலைக்குப் பின் இந்தியாவில் வந்த முதல் நூலகச் சட்டம் அதுதான். ஆக, உங்கள் வீட்டில் ஒருவர்கூட நூலகத்துக்குப் போகாவிட்டாலும் வருடா வருடம் அதற்குப் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். போய்ப் பிள்ளையை உறுப்பினராகச் சேர்த்துவிடுங்கள். விண்ணப்பம் பூர்த்தி செய்ய உதவி வேண்டுமென்றால் பள்ளி விட்ட பிறகு என்னிடம் வாருங்கள்.

இனி புதன்கிழமைதோறும் மாலை 5 மணி வரை பீரோ திறந்திருக்கும். பெற்றோரும் வந்து புத்தகம் எடுத்துப் போகலாம். சமையல், விவசாயம், வரலாறு என்று பெரியவர்களுக்கானவை ஒரு தட்டு நிறைய இருக்கின்றன. மஞ்சள் அட்டையில் உங்கள் கையெழுத்து தேவையில்லை, திருப்பி அனுப்பவும் வேண்டாம். பிள்ளை சொல்லும் இடத்தில் ஒட்டி வையுங்கள். ஆசிரியர்களும் எழுதியிருக்கிறோம். என்னுடையது அலுவலக அறைக் கதவில் ஒட்டியிருக்கிறது, பிள்ளைகள் தினமும் வந்து எத்தனையாவது பக்கம் என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

அட்டையின் பின்பக்கம் காலியாக இருக்கும். வீட்டில் வேறு யாருக்காவது எதையாவது வாசிக்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் அங்கே எழுதிக்கொள்ளுங்கள். புத்தகம் நம்மிடம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துப் பிள்ளையிடமே கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்