வேலூருக்கு ஒரு கட்டடக்கலை அருங்காட்சியகம்: ஒரு மேஸ்திரியின் திறந்த மடல்

வேலூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் அருங்காட்சியகத் துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நான் சத்துவாச்சாரியில் குடியிருக்கும் கட்டட மேஸ்திரி. 35 வருடமாக இதே தொழில். என் அப்பா சுண்ணாம்பு வேலைக்காரர். அவர் காலத்தில் சிமெண்ட் வந்துவிட்டது, ஆனாலும் பழைய வீடுகளின் தளம் ஒழுகினால் அவரைத்தான் தேடி வருவார்கள். அவருக்குப் பின்னால் வாளி தூக்கிக்கொண்டு போய்த்தான் நான் வேலை கற்றேன்.

கட்டடக் கலைக்கென்றே தனியாக ஓர் அருங்காட்சியகம் நம் ஊரில் வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல். கோட்டைக்குள் அரசு அருங்காட்சியகம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நானும் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருக்கிறேன். நான் கேட்பது வேறு. ஒரு கட்டடம் எப்படி நிற்கிறது, யார் கை அதை நிறுத்தியது என்று காட்டும் இடம்.

இதற்கு வேலூரைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது கஷ்டம். 1989இல் பிரிப்பதற்கு முந்தைய வட ஆற்காடு மாவட்டத்தை மனதில் வைத்துப் பாருங்கள். மகேந்திரவாடியில் ஒரே பாறையைக் குடைந்து பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் விஷ்ணுவுக்குக் கோயில் எடுத்தது 7ஆம் நூற்றாண்டில். அங்கே ஒரு கல்லை இன்னொரு கல்லோடு சேர்த்த இடமே கிடையாது. எல்லாம் பாறையிலிருந்து செதுக்கி எடுத்ததுதான். தூண் மேலேயும் கீழேயும் சதுரம், நடுவில் எட்டுப் பட்டை. அந்தப் பட்டையில் உளி ஒரு விரல் அதிகமாக இறங்கியிருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று அங்கே நின்றபோதெல்லாம் யோசித்திருக்கிறேன். நாங்கள் பூச்சில் தப்பு செய்தால் இன்னொரு கை பூசி மறைப்போம். அவர்களுக்கு அந்த வழி இல்லை.

அங்கிருந்து மேல்பாடிக்குப் போனால், ராஜராஜன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்காக எழுப்பிய பள்ளிப்படைக் கோயில், அதாவது இறந்த அரசனின் நினைவாக எடுத்த கோயில். வெட்டிய கல்லை அடுக்கிக் கட்டியது. அப்புறம் நம் கோட்டைக்குள்ளேயே 16ஆம் நூற்றாண்டு ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபம். யாளியும் குதிரை வீரனும் பாயும் தூண்கள். அண்ணாந்து பார்த்தால் விதானத்தில் தாமரையைச் சுற்றித் தலைகீழாகத் தொங்கும் கிளிகள். வெள்ளைக்காரர்கள் அந்த மண்டபத்தைப் பிரித்துக் கப்பலில் கொண்டுபோகப் பார்த்தார்கள் என்று ஊரில் ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, அந்த வேலையைப் பார்த்த எவனுக்கும் அந்த ஆசை வந்திருக்கும். ஆற்காட்டில் பாலாற்றங்கரையில் டெல்லி கேட் வளைவு நிற்கிறது. சொல்லிக்கொண்டே போகலாம்.

ஆனால் இதையெல்லாம் போட்டோ எடுத்துச் சட்டம் போட்டு மாட்டி, கண்ணாடிப் பெட்டிக்குள் தெர்மகோல் கோபுரம் வைத்து, திறந்துவிடாதீர்கள். அசல் கோபுரம் பேருந்தில் போகும் தூரத்தில் இருக்கும்போது பொம்மைக் கோபுரம் எதற்கு?

வெளியூரில் என்ன செய்திருக்கிறார்கள் என்று என் மகள் தேடிப் படித்துச் சொன்னாள். அவள் கட்டடக்கலை படிக்கிறாள். ஜெர்மனியில் பிராங்பர்ட்டில் 1984இல் திறந்த கட்டடக்கலை அருங்காட்சியகத்துக்கு, உங்கர்ஸ் என்பவர் ஒரு பழைய பங்களாவின் வெளிச்சுவரை வைத்துக்கொண்டு உள்ளே வீட்டுக்குள் ஒரு வீடு கட்டினாராம். சண்டிகரில் 1997இல் திறந்ததில் அந்த நகரத்தைத் திட்டமிட்ட வரைபடங்களைப் பார்க்கலாமாம். நமக்குப் பக்கத்திலேயே முட்டுக்காடு தட்சிணசித்ராவில் நிஜ வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். அது 1996இல் திறந்தது. மூன்றும் நல்ல வேலைதான். ஆனால் சண்டிகர் காகிதத்தில் பிறந்த ஊர், அங்கே காகிதத்தைக் காட்டலாம். நம் ஊர்க் கட்டடங்களைக் கட்டியவர்களின் படிப்பு பெரும்பாலும் கையில்தான் இருந்தது. தட்டிப் பார்த்து, ஒலியை வைத்தே ஆண் கல், பெண் கல் என்று பிரித்தவர்கள் அவர்கள். அந்தக் கையை எப்படிக் காட்டப் போகிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

எனக்குத் தெரிந்த வழியைச் சொல்கிறேன். இரண்டு திட்டு, அவற்றின் மேல் பாலம் மாதிரி மெல்லிய கடப்பைக்கல் ஒன்று. பிள்ளைகள் ஒவ்வொரு எடைக்கல்லாக அதன்மேல் வைக்கட்டும். கல் உடையும். எங்கே முதலில் விரிசல் விட்டது என்று குனிந்து பார்க்கச் சொல்லுங்கள்: அடிப்பக்கத்தில். கல் அமுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. தூண்களுக்கு மேலே குறுக்காகக் கிடக்கும் உத்தரக் கல்லின் மேல்பக்கம் அமுங்கும்போது அடிப்பக்கம் இழுபடுகிறது. அதனால்தான் கல் மண்டபத்தில் தூண்கள் அவ்வளவு நெருக்கம், அதனால்தான் தூண் தலையில் இரண்டு பக்கமும் போதிகை நீட்டி நடு இடைவெளியைக் குறைத்தார்கள். நூற்றுக்கால் மண்டபத்தின் அழகுக்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது என்று ஒரு பிள்ளைக்குத் தெரிந்துவிட்டால், அதன்பிறகு எந்தக் கோயிலுக்குப் போனாலும் அது தூணைத்தான் முதலில் பார்க்கும்.

பக்கத்திலேயே மரச் சென்ட்ரிங் ஒன்று, அதாவது வளைவு கட்டி முடியும்வரை தாங்கிப் பிடிக்கும் சாரம், வையுங்கள். அதன்மேல் செங்கல்லைக் காரை இல்லாமல் அடுக்கி வளைவு கட்டட்டும். கடைசி நடுக்கல்லை இறக்கியதும் சென்ட்ரிங்கை உருவ வேண்டும். நான் முதல்முதலில் உருவியபோது கண்ணை மூடிக்கொண்டேன். வளைவு நின்றது. டெல்லி கேட் ஏன் விழவில்லை என்று அதற்கப்புறம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்தது சுண்ணாம்பு. இதை நான் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு பழைய கட்டடத்தைப் புதுப்பிக்க என்னைக் கூப்பிட்டார்கள். சுண்ணாம்புச் சுவர், நல்ல கனம். அதை அப்படியே சுண்ணாம்பிலேயே பூசலாம் என்றேன். நாள் ஆகும் என்று சொல்லி வேறு ஆளை வைத்து சிமெண்ட் பூசிவிட்டார்கள். இரண்டு மழை போனது. தரையிலிருந்து ஏறிய ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே நின்று, பூச்சு இடுப்பு உயரத்துக்கு உப்பி உதிர்ந்தது. தட்டினால் வெற்றுப் பானை மாதிரி சத்தம். சுவர் கெட்டுப்போனது என்று இடித்துவிட்டார்கள். சுவரில் ஒரு குறையும் இல்லை.

ஆகவே உங்கள் அருங்காட்சியகத்தில் காரை அரைக்கும் செக்கு ஒன்று ஓடட்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரின் வாசனை அங்கே அடிக்கட்டும். ஒரு அறைக்காவது மெட்ராஸ் டெரஸ் தளம் போடுங்கள்: தேக்குச் சட்டங்களின் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துவாக்கில் சாய்த்து அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் அடித்துக் கெட்டிப்படுத்துவது. அடிக்கும் தாளத்துக்குப் பாட்டு உண்டு. என் அம்மா அந்த வரிசையில் உட்கார்ந்தவர். கட்டை பட்டுத் துள்ளுகிற ஓசை மாறியதும் ‘தளம் இறுகிடுச்சு’ என்பார். அப்பா அதற்கப்புறம்தான் தட்டோடு பதிக்கத் தொடங்குவார். இந்த வேலை தெரிந்தவர்கள் எனக்குத் தெரிந்து நாலைந்து பேர் இருக்கிறார்கள், எல்லோருக்கும் 70 தாண்டிவிட்டது. கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டுவதற்கு முன்னாலேயே அவர்களை வேலைக்கு எடுங்கள். தினக்கூலிக்கு வேண்டாம், ஆசிரியர் சம்பளத்துக்கு எடுங்கள்.

இடம் எங்கே என்று கேட்பீர்கள். கோட்டையைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டச் சட்டம் இடம் தராது, அதைத் தாண்டி 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். அது நல்ல சட்டம், அதை வளைக்கப் பார்க்காதீர்கள். பூட்டிக் கிடக்கும் பழைய அரசுக் கட்டடம் ஏதாவது ஒன்றை எடுத்துப் பழுதுபார்த்தால் போதும். பழுதுபார்ப்பதையே முதல் காட்சியாக வையுங்கள், மக்கள் நின்று பார்க்கட்டும். புதிதாகத்தான் கட்டுவோம் என்றால் கண்ணாடி முகப்பு வேண்டாம். வேலூர் வெயிலில் கண்ணாடிப் பெட்டி கட்டி அதை ஏசி போட்டுக் குளிர வைப்பது, கட்டடக்கலை அருங்காட்சியகத்துக்கு அழகில்லை. கனமான சுவர், நடுவில் முற்றம், சுற்றித் தாழ்வாரம் போதும்.

கடைசியாக, வருகிறவர்களைப் பற்றி. காந்தி ரோடு லாட்ஜ்களில் சிஎம்சி மருத்துவமனைக்கு வந்து வாரக்கணக்கில் தங்கியிருக்கும் வங்காளக் குடும்பங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நோயாளி உள்ளே இருப்பார், கூட வந்தவர் ரிசல்ட்டுக்காகத் தெருவில் நிற்பார். அவர்களுக்கும் புரியும்படி தமிழோடு வங்காளத்திலும் இந்தியிலும் எழுதி வையுங்கள். மாலை எட்டு மணி வரை திறந்து வையுங்கள். வாசலில், டிக்கெட் வாங்கும் இடத்துக்கு வெளியே, தெருவைப் பார்த்து நீளமாக ஒரு திண்ணை கட்டுங்கள். ஒன்றரை அடி உயரம், ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கும் அகலம், சுண்ணாம்பு மெழுகி வழவழப்பாக, சாய்ந்துகொள்ள ஓரத்தில் ஒரு மேடு. அதற்குக் கம்பி வேலி போடாதீர்கள். அந்தத் திண்ணையைக் கட்ட எனக்குக் கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
சத்துவாச்சாரியிலிருந்து ஒரு கட்டட மேஸ்திரி