ரொறன்ரோ ரிக்கெற்றில் அரசுக்குப் போவது எவ்வளவு? பிரித்தானியாவின் போட்டி, சந்தைகள் ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

ஆணையத்தின் உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நான் லண்டன் ஹரோவில் இருக்கிறேன், அக்கா ஸ்காபரோவில். எங்களைப் போல அட்லாண்டிக்கின் இரண்டு கரையிலும் பிரிந்து வாழும் ஈழத்தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். கலியாணம், சாமத்தியவீடு, செத்தவீடு என்று ஏதாவது ஒன்றுக்கு இந்தக் கடலைக் கடந்துகொண்டே இருக்கிறோம். ரிக்கெற் விலை எங்கள் வீட்டுக் கணக்கில் ஒரு பெரிய செலவு.

விலை விமானத்துக்கு விமானம் மாறுவது குற்றம் என்று நான் சொல்லவில்லை. ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக்கில் விமானம் மாறிப் போனால் மலிவு, ஏனென்றால் அரைநாளைத் தொலைக்கச் சம்மதிக்கும் பயணியை வேறு எப்படி இழுப்பது? லண்டனின் கற்விக் விமான நிலையத்திலிருந்து போகும் கனடிய நிறுவனமான எயார் ட்ரான்சாற் உல்லாசப் பயணிகளையும் எங்களைப் போன்ற குடும்பங்களையும் நம்பி ஓடுகிறது. ஹீத்ரோ வேறு உலகம். விமானங்கள் ஏறுவதும் இறங்குவதுமாக ஆண்டுக்கு 480,000 தடவைக்கு மேல் அங்கே அனுமதி இல்லை. இறங்கும் நேரம் ஒன்றைப் பிடிப்பதே பெரும்பாடு. பிடித்தவர்கள் நிறுவனச் செலவில் பறப்பவரை மனத்தில் வைத்து விலை போடுகிறார்கள். அடுத்த வாரச் செத்தவீட்டுக்கு ஓடுபவரும் அந்த விலையில்தான் மாட்டிக்கொள்கிறார். சரி, இதெல்லாம் சந்தை.

அரசின் பங்கும் விளங்கக்கூடியதுதான். விமானப் பயணி வரியை, போகும் நாட்டின் தலைநகரின் தூரத்தை வைத்துக் கணக்கிடுகிறார்கள். ஆகவே ரொறன்ரோவுக்கும் வான்கூவருக்கும் ஒரே வரி: சாதாரண வகுப்பில் 2025 ஏப்ரலிலிருந்து 90 பவுண்டு, 2026 ஏப்ரலிலிருந்து 102 பவுண்டு. கொஞ்சம் கால் நீட்ட இடம் தரும் அடுத்த வகுப்புக்குப் போனால், 2026 ஏப்ரலிலிருந்து 244 பவுண்டு. அயர்லாந்து தன் விமான வரியை 2014 இலேயே எடுத்துவிட்டது. அதனால் எங்கள் ஆட்கள் சிலர் தனி ரிக்கெற்றில் டப்ளினுக்குப் போய் அங்கிருந்து பறக்கிறார்கள். முதல் விமானம் பிந்தினால் இரண்டாவதுக்குப் பொறுப்பேற்க யாருமில்லை. வயதானவர்களுக்கு நான் இதைச் சொல்வதேயில்லை.

என் முறைப்பாடு மூன்றாவது பங்கைப் பற்றியது. ரிக்கெற் விபரத்தில் 'வரிகள், கட்டணங்கள், நிறுவன மேலதிகக் கட்டணம்' என்று ஒரே தொகையாக வரும் இடம் இருக்கிறதே, அதற்குள் அரசுக்குப் போவதும் இருக்கிறது, விமான நிலையத்துக்குப் போவதும் இருக்கிறது, நிறுவனம் தானே தீர்மானித்துத் தானே வைத்துக்கொள்வதும் இருக்கிறது. மூன்றையும் ஒன்றாகப் பார்க்கும் பயணி, எல்லாம் வரி என்று நினைத்துவிடுகிறார்.

பயணம் தடைப்படும்போதுதான் இதன் சூடு தெரியும். பெரியம்மா தவறியபோது நான் ரிக்கெற் எடுத்தேன். அதே கிழமை அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. பறக்காத பயணிக்காக நிறுவனம் அரசுக்கு வரி கட்டத் தேவையில்லை, அந்தப் பணத்தைக் கேட்டு வாங்கலாம் என்பதே எனக்குப் பிறகுதான் தெரியும். பெயர் வேண்டாம், அந்த நிறுவனத்துக்கு இரண்டு தரம் எழுதிய பின் வரி மட்டும் திரும்பி வந்தது. அந்தப் பட்டியலிலேயே பெரிய தொகையான மேலதிகக் கட்டணம் 'அடிப்படைக் கட்டணத்தைப் போன்றது' என்று பதில் வந்தது. அப்படியென்றால் அதை ஏன் வரியோடு சேர்த்து எழுதினீர்கள் என்ற கேள்விக்குப் பதிலே வரவில்லை.

இந்தக் கட்டணத்தின் பழைய கதை உங்களுக்குப் புதிதல்ல. 2004 ஓகஸ்டுக்கும் 2006 ஜனவரிக்கும் இடையில் பிரிட்டிஷ் எயார்வேஸும் வேர்ஜின் அட்லாண்டிக்கும் எரிபொருள் மேலதிகக் கட்டணத்தைப் பேசிவைத்து உயர்த்தின. நெடுந்தூர இருவழி ரிக்கெற்றில் 5 பவுண்டாக இருந்தது சுமார் 60 ஆனது. 2007 இல் உங்களுக்கு முன்னிருந்த அலுவலகம் பிரிட்டிஷ் எயார்வேஸுக்கு 121.5 மில்லியன் பவுண்டு தண்டம் அறிவித்தது. பிறகு அது 58.5 மில்லியனாகக் குறைந்தது. முதலில் போய் உண்மையைச் சொன்ன வேர்ஜின் தண்டத்திலிருந்து தப்பியது.

இன்று பேசிவைப்பதற்கு அனுமதியே இருக்கிறது. பிரிட்டிஷ் எயார்வேஸ், அமெரிக்கன் எயார்லைன்ஸ், ஐபீரியா, ஃபின்எயார், எயார் லிங்கஸ் ஆகியவை அட்லாண்டிக் வழித்தடங்களில் விலையையும் வருவாயையும் கூட்டாகப் பார்க்கின்றன. திரையில் ஐந்து பெயர், கல்லாப்பெட்டி ஒன்று. 2018 ஒக்டோபரில் இந்தக் கூட்டை நீங்களே விசாரிக்கத் தொடங்கினீர்கள். 2010 இல் ஐரோப்பிய ஆணையம் வாங்கிய உறுதிமொழியில் லண்டனிலிருந்து நியூயோர்க், பொஸ்டன், டலஸ், மயாமி வழித்தடங்களுக்குப் போட்டியாளருக்கு விமானம் ஏறி இறங்கும் நேரம் ஒதுக்கச் சொன்னார்கள். போட்டி குறையும் வழித்தடத்தில் புதியவருக்கு இடம் எடுத்துக்கொடுக்க முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. 2025 மார்ச்சில் வேர்ஜின் ஹீத்ரோவிலிருந்து ரொறன்ரோவுக்குப் பறக்கத் தொடங்கியபோது எங்கள் வீட்டில் எவ்வளவு சந்தோசப்பட்டோம் தெரியுமா?

2025 ஏப்ரலிலிருந்து, நுகர்வோர் சட்டத்தை மீறும் நிறுவனத்துக்கு நீதிமன்றம் போகாமலே உலக வருவாயில் 10 வீதம் வரை தண்டம் போடும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது. தண்டம் போடும்வரை கூடப் போக வேண்டாம். நிறுவனம் தானே விதிக்கும் எந்தத் தொகையும் கட்டணத்துக்குள் வர வேண்டும், வரி என்ற தலைப்பின் கீழ் அரசுக்குப் போவது மட்டும் இருக்க வேண்டும் என்று ஒரு வழிகாட்டல் எழுதுங்கள். பறக்காதவரின் வரியை அவர் கேட்காமலே, கழிவு பிடிக்காமல் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். கூட்டு வியாபாரத்தில் இருக்கும் நிறுவனங்களின் விலையை ஒப்பிட்டுக் காட்டும் இடத்தில், இவை ஒன்றோடொன்று போட்டியிடவில்லை என்று எழுதவும் சொல்லுங்கள்.

என் ரிக்கெற் விபரத்தையும் அந்தக் கடிதங்களையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். கேட்டால் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஹரோவிலிருந்து ஒரு பயணி