பங்குனியில் ஏது வெள்ளம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பயணம் எழுத்தாளருக்கு என்ன தருகிறது என்று சென்ற இதழில் வந்த கட்டுரையில், "சனி, ஞாயிறு காரில் டெல்டாவை ஒரு சுற்று சுற்றினால் கதை தானாக வந்துவிடும்" என்று ஒரு வரி. தங்கள் பத்திரிகையில் இதைப் படிக்க நேர்ந்ததில் வருத்தம்.

அப்படிச் சுற்றிவிட்டு எழுதிய கதைகளைத்தான் பல வருடமாகப் போட்டு வருகிறீர்கள். ஒரு கதையில் பங்குனி மாதம் காவிரியின் கிளையாறான வெண்ணாறு கரைபுரண்டு ஓடியது. மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம் என்பது தாங்கள் அறியாததல்ல. பங்குனியில் ஆற்றில் மணல்தான் கிடக்கும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். இன்னொரு கதையில் குறுவையும் சம்பாவும் ஒரே நாளில் அறுப்பு! குறுவை புரட்டாசி, ஐப்பசியில் அறுப்புக்கு வரும். சம்பாவுக்குத் தை, மாசி ஆகும். குறுவை அறுப்பு மழையில் மாட்டிக்கொண்டால் ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் என்று கொள்முதல் நிலையத்தில் எடுக்கமாட்டார்கள். அந்த நெல்லைத் தார்ரோட்டில் கொட்டி, வெயில் தாழும் வரை பெண்கள் காலால் கிளறிவிட்டபடி நடப்பார்கள். மேகம் கறுத்தால் தார்ப்பாயோடு ஓடுவார்கள். கதை அங்கே இருக்கிறது. காரில் போகிறவருக்கு அது வழியை அடைத்த நெல், அவ்வளவுதான்.

டெல்டாவைப் பார்க்க வருகிறவர் ஏதாவது ஓர் ஆற்றைப் பிடித்துக்கொண்டு கடைமடை வரை போகவேண்டும். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் எனத் தண்ணீர் பிரிகிறது. வெண்ணாற்றை எடுத்துக்கொண்டால் தென்பெரம்பூரில் வெட்டாறு பிரியும். நீடாமங்கலத்தில் மூணாறு தலைப்பு என்கிற மதகில் கோரையாறும் பாமணியாறும் பிரியும். கோரையாற்றோடு போனால் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் கொண்டுபோய் விடும். டவுன் பஸ்ஸும் சைக்கிளும் போதும். வேகமாகப் போனால் பேச்சும் மண்ணும் எந்த ஊரில் மாறின என்பதே தெரியாமல் போகும். தலைப்பில் ஷட்டர் ஏற்றி இறக்கும் லஸ்கரிடம் அரைமணி நேரம் பேசினால், எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் தண்ணீர்ச் சண்டை என்று சொல்லிவிடுவார். கேட்ட பேச்சை அன்று இரவே எழுதிவிடவேண்டும். நாலு நாள் போனால் அது நம்முடைய பேச்சாகிவிடும். ஆனியில் முதல் தண்ணீர் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு வரும்போது ஒருமுறை, சம்பா அறுப்பு முடிந்து வயல் தரிசாகக் கிடக்கும்போது ஒருமுறை வரவேண்டும். ஒரே பருவத்தைப் பார்த்தவர் எழுதுவதில் 'பச்சைப்பட்டு விரித்தாற்போல' தவிர வேறு எதுவும் இருப்பதில்லை.

குடகிலிருந்து பூம்புகார் வரை காவிரியைப் பார்த்து சிட்டியும் தி. ஜானகிராமனும் எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி' தங்கள் அலுவலக அலமாரியிலும் இருக்கும். கட்டுரையாளருக்கு அதைக் கொடுத்திருக்கலாமே?

முன்பு எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. போகட்டும். பொங்கல் மலர் அட்டையில் கொள்ளிடத்தைப் போட்டுக் 'காவிரி' என்று அச்சிட்டிருந்தீர்கள். அதற்கு ஒரு வரி திருத்தமாவது அடுத்த இதழில் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நீடாமங்கலம்.