அசனக் கமிட்டிச் செயலாளரின் ஆண்டறிக்கை – தாராவி, மும்பை

கிறிஸ்துவுக்குள் அன்பான போதகர் ஐயா அவர்களுக்கும், தலைவருக்கும், கமிட்டி அங்கத்தினர்களுக்கும், வந்திருக்கிற சபையாருக்கும் ஸ்தோத்திரம்.

கமிட்டி இந்த ஆண்டு ஆறு முறை கூடியது. அதில் இரண்டு கூட்டம் போதிய அங்கத்தினர் வராததால் (கோரம் இல்லாமல்) கலைந்தது. அறுப்பின் பண்டிகை ஏலம், பெரிய வெள்ளிக் கஞ்சி, கிறிஸ்துமஸ் கேக் விநியோகம் எல்லாம் வழக்கம்போல் நடந்தன.

இனி அசனம், அதாவது சபையின் பொது விருந்து. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்தில் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகையோடு ஊரே உட்கார்ந்து சாப்பிடும் வழக்கத்தைத்தான் நம் பெரியவர்கள் இங்கே கொண்டுவந்தார்கள். இடையில் எப்படியோ டோக்கன் நுழைந்தது. சந்தா கட்டியவருக்கு டோக்கன், டோக்கன் உள்ளவருக்கு இலை என்றாயிற்று. இந்த ஆண்டு அந்த டோக்கனை எடுத்துவிட்டோம். என் பிடிவாதம் என்று சிலர் சொல்வது உண்மைதான். காலை ஆராதனையில் திருவிருந்துக்கு (நற்கருணைக்கு) முழங்கால் படியிடும்போது யாரிடமும் ரசீது கேட்பதில்லை. மதியம் பந்தியில் மட்டும் கேட்டால் காலையில் வாங்கியதற்கு என்ன அர்த்தம்? "பணமுமின்றி விலையுமின்றி" வாங்கிச் சாப்பிடுங்கள் என்று ஏசாயா 55-ல் இருக்கிறது. கிருபை என்று பிரசங்கத்தில் கேட்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல இடம் நமக்கு இல்லை.

கணக்கு இப்படிப் போட்டோம்: பந்திக்கு 150 இலை, நான்கு பந்தி, 600 பேர். தலைக்கு 125 கிராம் வீதம் 75 கிலோ புழுங்கலரிசி, மூன்று அண்டா. எலும்போடு ஆட்டுக்கறி 60 கிலோ. கூடவே சாம்பார், ரசம். முதல் அண்டா நன்றாக வந்தது. இரண்டாவதில் கெட்டது. ஊரில் விறகடுப்பு, நம் சந்தில் 19 கிலோ சிலிண்டர்தான். ஒரே சிலிண்டரில் பெரிய அடுப்பை முழுத் தீயில் வைத்தால் உள்ளே இருக்கும் திரவம் வேகமாக ஆவியாகி, சிலிண்டர் குளிர்ந்து வெளியே வேர்க்கும். அழுத்தம் இறங்கித் தீ சுருங்கும். கேஸ் தீர்ந்தது என்று கழற்றி வைத்தார்கள். தூக்கிப் பார்த்தால் பாதி அப்படியே இருந்தது. அதற்குள் கொதி அடங்கி, அரிசி வெளியே குழைந்து நடுவில் அரிசியாகவே நின்றது. இரண்டு சிலிண்டரை ஒரே குழாயில் இணைத்திருந்தால் இது வந்திருக்காது. வடித்த சோற்றை முழங்கால் உயரத்துக்குக் குவித்ததும் தவறு. குவியலின் சூடு உள்ளே வேகவைத்துக்கொண்டே இருக்கும், ஆவி தண்ணீராக இறங்கும், அடிச்சோறு கட்டியாகி வாடை வந்துவிடும். பாயில் வெள்ளைத் துணி விரித்து நான்கு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்ப வேண்டும்.

கடைசி இலையில் சோறு விழும்வரை யாரும் கை வைப்பதில்லை என்று முன்பே சொல்லியிருந்தோம். முதல் வரிசையில் சோறு ஆறிப்போகிறது என்று முணுமுணுப்பு வந்தது. இரண்டாம் பந்தியிலிருந்து இரு முனையிலும் பரிமாறத் தொடங்கினோம், பாதி நேரத்தில் முடிந்தது. "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்" என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியது இந்தச் சாப்பாட்டு விஷயத்துக்குத்தான்.

ஒருவன் முந்திச் சாப்பிட, இன்னொருவன் பசியாயிருக்கிறான் என்று பவுல் கண்டிப்பதும் அதே அதிகாரத்தில்தான்; அதில் நாமும் மாட்டிக்கொண்டோம். சந்தில் நின்றவர்களையும் அழைத்ததால் ஐந்தாம் பந்தி ஒன்று விழுந்தது. அதற்குக் கறி இல்லை. நாமே வருந்தி அழைத்தவர்களுக்கு ரசத்தோடு சோறு போட்டு அனுப்பினோம். இனிமேல் கறி இறக்கியதும் முதல் வாளி கடைசிப் பந்திக்கென்று மூடி வைக்கப்படும். மிச்சம் இருந்தால் பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது.

வராத அங்கத்தினர்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. லூக்கா 14-ல் விருந்துக்கு அழைக்கப்பட்டவர்கள் வராமலிருக்கச் சாக்குச் சொன்னார்கள்: ஒருவன் வயல் வாங்கினான், ஒருவன் ஐந்தேர்மாடு வாங்கினான், ஒருவன் பெண்ணை விவாகம்பண்ணினான். நமக்கு வந்த பதில்கள்: விராரில் புது வீட்டுச் சாவி, புது வண்டிக்கு சர்வீஸ், மைத்துனர் வீட்டுக் கல்யாணம். இரண்டாயிரம் வருஷத்தில் சாக்கு மாறவில்லை. கல்யாண் பக்கத்திலிருந்து வந்தவர்கள் பாதை வேலைக்காக ரயில்களை நிறுத்தும் ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக்கில் மாட்டினார்கள். அவர்களை இதில் சேர்க்கவில்லை. ஆனால் காய் நறுக்க இரவு வருவதாகப் பெயர் கொடுத்த பன்னிரண்டு பேரில் வந்தது நாலு பேர்.

சந்தா பாதிக்கு மேல் நிலுவை. டோக்கனை எடுத்ததால்தான் யாரும் கட்டவில்லை என்று பொதுக்குழுவில் பேசப்பட்டது. டோக்கன் இருந்த ஆண்டிலும் நிலுவை இருந்தது, ரசீதுப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. விலையில்லாமல் சாப்பிடுவது பந்தியில் உட்காருகிறவனுக்கு; விருந்து வைக்கிறவனுக்குச் செலவு முழுதாக உண்டு. சிலுவையைப் பற்றி நாம் நம்புவதும் அதுதானே. நாம் ஒரே நாளில் இரண்டு பக்கமும் இருக்கிறோம்: இலைக்கு முன்னால் விருந்தாளி, அண்டாவுக்குப் பின்னால் விருந்து வைக்கிறவர்.

வரவு செலவு ஏறக்குறைய சரிக்கட்டியது. மளிகைக் கடையில் சிறு பாக்கி. விவரம் பொருளாளரிடம்; அவர் ஊருக்குப் போயிருப்பதால் அடுத்த கூட்டத்தில் வைக்கப்படும்.

சமையல் குழுவுக்கும், இலை வாங்கி வந்த வாலிபருக்கும், பாத்திரம் தேய்த்த பெண்கள் ஐக்கியத்துக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பை வேறு யாராவது எடுத்தால் சந்தோஷமாகக் கொடுத்துவிடுவேன். எடுக்கிறவர் முதலில் மளிகைக் கடைக்காரரைப் பார்க்க வேண்டியிருக்கும். ரசீதுப் புத்தகம் இன்று வாசல் மேஜையில் இருக்கிறது. பேனாவும் வைத்திருக்கிறேன்.

கர்த்தரின் பணியில்,
செயலாளர்